மதகைத் திறந்து விடுங்கள், ஐயா

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். குளத்துக்கு வெள்ளம் வரும் மதகு மூடிக் கிடக்கும் எங்கள் குளத்தடி விடயம் உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று முறை மனு தந்துவிட்டோம். போன கிழமை மண் வெட்டும் பெக்கோ வந்து, மாடுகள் உடம்பு உரஞ்ச நட்டிருந்த ஆவுரஞ்சிக் கல்லையும் பிடுங்கிப் போட்டதால்தான் இந்தத் திறந்த மடல்.

சனசமூக நிலையச் சுவரில் ஒரு நீர்வர்ணப் படம் தொங்குகிறது. கூட்டங்களுக்கு வரும்போது அதன் கீழேதான் உங்களுக்குக் கதிரை போடுவோம். 1974இல் எங்கள் ஊர்ச் சித்திர வாத்தியார் கீறியது. மாரி முடிந்த கையோடு நிரம்பிக் கிடக்கும் குளம், பனை வரிசை, சுமைதாங்கி, கல்லில் கழுத்தைத் தேய்க்கும் சிவலை மாடு. இடது ஓரத்தில் குடத்தோடு ஒரு பெண். அது என் அம்மா. "அசையாமல் நில் பிள்ளை எண்டு சொல்லிச் சொல்லியே இடுப்பு உளைஞ்சு போச்சு" என்று இப்பவும் வாத்தியாரைத் திட்டுவார்.

அந்த அம்மாவுக்கு இப்போது 70 வயது. செவ்வாயும் வெள்ளியும் தண்ணிப் பவுசர் வரும். எத்தனை மணிக்கு என்று யாரும் சொல்வதில்லை. விடியவே மூன்று கானை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் குந்தியிருப்பார். போன வெள்ளி அது வந்தது பின்னேரம் நாலு மணிக்கு. ஒரு கான் நிரம்ப, தண்ணீர் முடிந்துவிட்டது. ஒழுங்கை முழுக்க அள்ளிக்கொண்டு போன நல்லதண்ணிக் கிணறு எங்களுடையது. இன்று அதில் வைக்கும் தேத்தண்ணி உப்புக் கரிக்கிறது.

காரணம் சொல்ல நிபுணர் குழு தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை குளத்தில் தேங்கி, சுண்ணாம்புக்கல் இடுக்குகளால் இறங்கினால்தான் கிணற்றில் நல்லதண்ணீர். அது அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. மேலே ஊறுவது குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். வீதியை அகலித்தபோது வாய்க்கால் மதகைக் கிரவல் போட்டு மூடினீர்கள். மூன்று மாரி போய்விட்டது. குளத்துக்கு வரவேண்டிய வயல்வெள்ளம் வீதியோரத்தில் நின்று நுளம்பு வளர்க்கிறது. மதகைத் திறந்து விடுங்கள்.

கார்பெட் வீதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் சேறு படாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள், சரி, அதற்கு நன்றி. ஆனால் புதிய மண்டபத்து மதிலில் தாமரைக் குளமும் பனையும் மாடும் கீறுவித்தீர்களே, அதற்கு நேரெதிரே உண்மைக் குளத்தில் கட்டட இடிபாடு குவிந்து கிடக்கிறது. மதில் குளம் கோடையிலும் வற்றாது. பவுசரை அங்கேயே கொண்டுபோய் நிரப்பலாம்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதிவிட்டேன். பணிவாகக் கேட்பது இதுதான்: ஐப்பசி மழைக்கு முன் மதகைத் திறந்து விடுங்கள். கல்லைப் பிடுங்க வந்த அதே பெக்கோ ஒரு நாள் நின்றால் போதும். கல்லும் பத்தைக்குள்தான் கிடக்கிறது. தயவுசெய்து நட்டுத் தாருங்கள். எந்த இடம் என்று தெரியாவிட்டால் படத்தைப் பாருங்கள். வாத்தியார் சரியாகத்தான் கீறியிருக்கிறார்.

இப்படிக்கு,
குளத்தடி ஒழுங்கை வாசி ஒருவர்