வென்றவர் வீட்டுத் தாய்மார்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பண்டைக் காலத்தில் நாடு பிடித்த மன்னர்கள் தங்கள் பெருந்தன்மையால்தான் தோற்ற மக்களின் வழக்கங்களை ஏற்றார்கள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை கூறுகிறது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் இதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. படையெடுத்து வந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் குறைந்த ஆண்கள். வந்த இடத்திலேயே பெண் கொண்டார்கள். தகப்பன் பாசறையில் கிடக்க, பிள்ளைக்குத் தாலாட்டும் சோறும் சாமியும் தாயிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் வந்தன.

கட்டுரையாளர் அலெக்சாண்டரைச் சான்றாகக் காட்டுகிறார். கி.மு. 324இல் சூசா நகரில் அவர் பாரசீக மன்னர் மூன்றாம் டேரியஸின் மகளை மணந்ததும், தம் தளபதிகள் ஏறத்தாழ எண்பது பேருக்குப் பாரசீக உயர்குடிப் பெண்களை மணமுடித்து வைத்ததும் உண்மையே. ஆனால், அடுத்த ஆண்டு அவர் இறந்ததும் தளபதிகளில் பலர் அம்மனைவியரைக் கைவிட்டனர். அத்தளபதிகளுள் ஒருவரான செலூக்கஸோ தம் மனைவி அபாமாவைப் பிரியவில்லை. அவர்கள் மகன் அந்தியோகஸே பின்னர் அரசேறினான். எகிப்தைப் பிடித்த மற்றொரு தளபதியின் வழிவந்த தாலமி வம்சத்தாரோ உடன்பிறந்தாரைக்கூட மணந்துகொண்டு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆண்டனர். கோயில் சுவர்களில் பாரோ கோலம் பூண்டிருந்தும், கிளியோபாட்ராவுக்கு முந்திய அரசர்கள் அந்நாட்டு மொழியைக் கற்க முயலவே இல்லை என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

சீனத்தின் வட பகுதியை வென்ற நாடோடிக் குடியினரான சியான்பெய் மரபினரின் கதையை நான் வகுப்பில் விரிவாகவே சொல்வேன். அம்மரபின் மன்னர் சியாவ்வென் கி.பி. 494இல் தலைநகரைச் சீனரின் பழைய நகரான லுவோயாங்குக்கு மாற்றினார். மறு ஆண்டு, முப்பது வயதுக்குட்பட்ட அதிகாரிகள் அரசவையில் தம் தாய்மொழியான சியான்பெய் மொழியைப் பேசக்கூடாதென்று தடுத்தார். 496இல் துவோபா என்ற தம் குலப்பெயரையே யுவான் என்று மாற்றிக்கொண்டார். தம்பியருக்குச் சீனக் குடும்பங்களில் பெண் எடுத்து, ஏற்கெனவே இருந்த மனைவியரைக் கீழ்நிலைக்குத் தள்ளியதும் அவரே. அந்தப் பெண்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. இதையெல்லாம் செய்த மன்னரைக் குழந்தையிலிருந்து வளர்த்தவர், சீனக் குடியில் பிறந்து பாட்டி முறையாக இருந்த ஃபெங் பேரரசி. ஆணை பிறப்பதற்கு முன்பே வளர்ப்பு தன் வேலையை முடித்திருந்தது.

தாய்வழியின் வலிமை நமக்குப் புதிதன்று. தந்தை வழியில் கீழைச் சாளுக்கியரான முதற் குலோத்துங்கர், தாய் அம்மங்கையும் பாட்டி குந்தவையும் சோழர் மகளிர் என்பதால்தான் 1070இல் சோழ அரியணைக்கு உரியவரானார்.

இவற்றையெல்லாம் மணம் என்று எழுதுகிறோமே தவிர, எத்தனை பெண்களுக்கு அதில் விருப்பம் இருந்தது? பகைவர் நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களைக் குறிக்கச் சங்கப் பாடலில் 'கொண்டி மகளிர்' என்ற சொல்லே இருக்கிறது. நீர்த்துறையில் மூழ்கி, அந்தி விளக்கேற்றி வழிபாட்டைக் காத்தவர்களாக அங்கே அவர்கள் வருகிறார்கள். பெருந்தன்மை என்னும் சொல்லை இவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் எங்கள் தெருவிலேயே பிரெஞ்சுக் குடும்பப்பெயர் கொண்ட வீடு ஒன்று இருந்தது. சித்திரை வெயிலில் அவ்வீட்டு மூதாட்டி, கையில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் வெந்தயமும் கலந்து வடகம் உருட்டி மாடியில் காயவைப்பார். செபம் பிரெஞ்சில், பேரனை அதட்டுவது தமிழில். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் இன்று 'வடுவான்' என்று சொல்லும் மசாலா அந்த வடகம்தான்.

ஆங்கிலேயக் கம்பெனிக்கும் இது தெரிந்திருந்தது. சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க, பிறக்கும் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று தாய்க்கு ஒரு வராகன் தரலாமென்று 1687இல் இயக்குநர்கள் எழுதினர். நூறாண்டு கழிந்து, 1791இல், அப்படிப் பிறந்தவர்களின் வழியினரைத் தம் உயர் பணிகளிலிருந்து அதே கம்பெனி விலக்கியது. கலப்பு மணம் ஆட்சியாளரை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை உணர்ந்த அச்சமும் அதில் இருந்தது என்றே கருதுகிறேன்.

எங்கள் ஊரிலும் கடலூரிலும் இத்தகைய குடும்பங்களின் மூத்த பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தங்கள் செய்தியாளர்கள் அவர்களிடம் நேரில் பேசி ஒரு தொடர் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வடகம் உருட்ட யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
புதுச்சேரி.