பேத்திக்கு வீடியோ போடலாமா என்று கேட்டிருந்தாயே

ரோஸ்ஹில், மொரிசியஸ்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு நீ எழுதியிருந்த தைலம் இந்தத் தீவில் கிடைக்காது, டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. தைப்பூசத்துக்குக் கோர் தெ கார்த் மலை முருகன் கோயிலில் இந்த முறை படி ஏறவில்லை. கீழேயே நிழலில் நின்று காவடிகள் ஏறுவதைப் பார்த்தேன். மற்றபடி சுகம்தான். மகனும் மருமகளும் காலையில் மெட்ரோ பிடித்து போர்ட் லூயிஸ் போய்விடுகிறார்கள். பேரனை மத்தியானம் வரை கிரெஷ், அதாவது குழந்தைகள் காப்பகம், பார்த்துக்கொள்கிறது, அப்புறம் நான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது, சோறு ஊட்டும்போதெல்லாம் உன் மகள் ஃபோனை நிமிர்த்தி வைக்கிறாள், நீ வாயைத் திறந்தால் "அம்மா, இது கார்ட்டூன் இல்லை, எஜுகேஷனல்" என்கிறாள் என்று எழுதியிருந்தாய். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாய். எங்கள் கோயிலில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிறதே, அங்கே வரும் இளம் பெற்றோரிடம் இதைப் பற்றி ஏதாவது பேசுங்கள் மிஸ் என்று கமிட்டியில் கேட்டுக்கொண்டார்கள். ரிட்டயர் ஆனாலும் ஊருக்கு நான் மிஸ்தான். போகும் முன் கொஞ்சம் படித்துக்கொண்டு போனேன். ஆனால் அங்கே நான் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

ஒரு தகப்பன் சொன்னார், அவருடைய பையன் இரண்டு வயதுக்குள் இங்கிலீஷில் பத்து நிறம் சொல்கிறானாம், எல்லாம் வீடியோ புண்ணியமாம். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "சிவப்புச் சட்டையைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டால் நீலம் என்கிறான், அதையும் சொல்லுங்கள்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஒரு தாய், ஃபோனைப் பிடுங்கினால் மகள் தரையில் புரண்டு அழுகிறாள், அதனாலேயே நிறுத்திவிட்டேன் என்றாள். இன்னொருத்தி, எங்கள் வீட்டில் குழந்தைக்கு ஸ்கிரீனே கிடையாது என்று பெருமையாகச் சொன்னாள். ஆனால் அவள் மாமியார் வீட்டு டிவி காலையிலிருந்து இரவு வரை அணைவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். அந்த டிவியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2009-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் குழந்தைகளின் சட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அளந்திருக்கிறார்கள். டிவி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர் பேச்சு சுமார் 770 சொல் குறைந்ததாம்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. கால் சென்டரில் வேலை, புருஷனுக்கு ஹோட்டலில் ஷிஃப்ட். "மிஸ், எனக்கு இருபது நிமிஷம் வேண்டும், அடுப்பைப் பார்க்க. குழந்தைக்கு அறிவு வளர வேண்டும் என்று நான் போடவில்லை, எண்ணெய்ச் சட்டி பக்கம் வரக்கூடாது என்று போடுகிறேன்." அந்த அறையிலேயே நேர்மையான பதில் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவளை யாரும் குறை சொல்லக்கூடாது, நானும் சொல்லவில்லை. வீடியோ என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குழப்பமெல்லாம் 'எஜுகேஷனல்' என்ற சீட்டு ஒட்டியவர்களால் வந்தது.

அந்தச் சீட்டின் கதையையும் கேள். 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜூலி ஐக்னர்-கிளார்க் என்று முன்னாள் ஆசிரியை ஒருவர் தன் வீட்டிலேயே பொம்மைகளையும் பாட்டையும் வைத்து 'பேபி ஐன்ஸ்டைன்' வீடியோவைத் தொடங்கினார். 2001-இல் டிஸ்னி வாங்கிக்கொண்டது. பேரைப் பார், பால்குடி மறக்கும் முன்பே ஐன்ஸ்டைன்! உலகம் முழுக்க விற்றது. அப்புறம், கைக்குழந்தைக்கு இதனால் அறிவு வளரும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பெற்றோர் தரப்பு அமைப்புகள் வம்புக்கு நின்றன. 2009-இல் வேண்டுமென்றால் டிவிடியைத் திருப்பித் தாருங்கள், ஒன்றுக்கு 15.99 டாலர் தருகிறோம் என்று டிஸ்னி அறிவிக்க வேண்டியதாயிற்று.

இடையில் 2007-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பெரிய பரபரப்பைக் கிளப்பியது. 8 முதல் 16 மாதக் குழந்தைகள் தினமும் இந்த வகை வீடியோவை எத்தனை மணி நேரம் பார்க்கிறார்களோ, மணிக்கு ஆறு முதல் எட்டுச் சொல் வரை குறைவாகத் தெரிந்திருக்கிறது என்றது. இதை வைத்துப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. நான் பயமுறுத்த மாட்டேன். 2014-இல் வேறு இருவர் அதே புள்ளிவிவரங்களை மறுபடி அலசி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல இதில் இடமில்லை என்றார்கள். வீடியோ விஷம் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது 2010-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகள். சில வீடுகளில் சொற்கள் கற்பிக்கும் வீடியோவை ஒரு மாதம் போட்டுக்காட்டினார்கள். சில வீடுகளில் வீடியோவே இல்லை, அதே சொற்களை நீங்களே போகிற போக்கில் சொல்லிக்கொடுங்கள் என்று பெற்றோரிடம் விட்டுவிட்டார்கள். கடைசியில் சோதித்தால், அதிகம் கற்றவை பெற்றோர் வாயால் கேட்ட குழந்தைகள். வீடியோவும் இல்லாமல், சொல்லிக்கொடுப்பதும் இல்லாமல் சும்மா விட்ட ஒரு கூட்டமும் இருந்தது, வீடியோ பார்த்தவை அவற்றைவிட மேலாக இல்லை. இதோடு இன்னொன்றும் தெரிந்தது. அந்த வீடியோ எந்தப் பெற்றோருக்கு ரொம்பப் பிடித்திருந்ததோ, அவர்கள்தான் தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டது என்று அடித்துச் சொன்னார்கள். ஆக, "என் பிள்ளை வீடியோ பார்த்துத்தான் கற்றான்" என்று ஒரு தாயோ தகப்பனோ சொன்னால், வீடியோ அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியவருகிறது. நிறம் சொன்ன தகப்பனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை, அவர் மனைவியே சொல்லிவிட்டாளே.

உங்கள் ஊரில் இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை. எங்களுக்கு இங்கே இன்னொரு முடிச்சும் இருக்கிறது. எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் இருக்கிறது. இந்த இளம் பெற்றோர் எல்லோரும் ப்ரைமரியில் தமிழ் படித்தவர்கள்தான், அதில் பாதிப்பேர் என்னிடமே படித்தவர்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள், பேச வராது. அதனால், எங்களுக்குத்தான் வரவில்லை, பிள்ளைக்காவது வரட்டும் என்று தமிழ் ரைம்ஸ் போட்டுவிடுகிறார்கள். உங்கள் சென்னையில் 2013-இல் தொடங்கிய சூசூ டிவி என்ற யூடியூப் சேனலைத் தெரியாத குழந்தை இந்தத் தெருவில் இல்லை! என் மகனும் அதைத்தான் செய்தான். பேரன் பாட்டுக்குக் கைதட்டுகிறான், ஆடுகிறான், ராகம்கூடச் சரியாக வருகிறது. தாகம் எடுத்தால் மட்டும் "திலோ" என்று கிரியோலில் கேட்கிறான். கிரெஷில் அப்படிக் கேட்டால் ஒருத்தி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருகிறாள் அல்லவா?

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, எங்களுக்காகவே செய்ததுபோல. 2003-இல் பட்ரீசியா கூல் என்ற அறிஞர் சியாட்டிலில் நடத்தினார். இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் வந்து உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். மொத்தம் 12 முறைதான். சீன மொழியின் நுட்பமான ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் தைவானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு இணையாகப் பிடித்துக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். ஒன்றுமே ஏறவில்லை. நம் ழகரத்தை யோசித்துப் பார்.

அதனால் கூட்டத்தில் ஒன்றே ஒன்று சொன்னேன். அந்தத் தமிழ்ப் பாட்டு வீடியோவை நீங்கள் பாருங்கள். பஸ்ஸில் பாருங்கள், மெட்ரோவில் பாருங்கள். இரண்டு பாட்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும்போது பாடுங்கள், உச்சரிப்பு தப்பினாலும் பாடுங்கள். சமையல் குறிப்பைப் படித்து நாம்தானே சமைக்க வேண்டும், குறிப்புத் தாளைக் குழந்தைக்கு ஊட்ட முடியாதே. கமிட்டித் தலைவருக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கோயில் சார்பில் ஒரு குழந்தை வீடியோ தயாரிக்கலாம் என்று அவருக்கு யோசனை இருந்ததாம்.

உன் மகளிடம் சண்டை போடாதே. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இதுதான்: இரண்டு வயது ஆகும்வரை உட்கார்ந்து ஸ்கிரீன் பார்ப்பது வேண்டாம், அதற்குப் பிறகு நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இதை மாமியார் அதிகாரமாக நீட்டினால் எடுபடாது, அம்மா அதிகாரமாக நீட்டினாலும் எடுபடாது. சோறு ஊட்டுகிற வேலையை நீ வாங்கிக்கொள், அவ்வளவுதான். அடுப்பு வேளைக்கு அவளுக்கு ஓர் இருபது நிமிஷம் தேவைப்பட்டால் விட்டுவிடு. மூன்று வயதுக்கு மேல் நல்ல நிகழ்ச்சியிலிருந்து பிள்ளைகள் நிஜமாகவே கற்கிறார்கள், அப்போது நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதில் எனக்குச் சுயநலமும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் ஒன்றரை வயதுக்குக் கீழே ஸ்கிரீன் வேண்டாம் என்றபோது, வீடியோ கால் மட்டும் பரவாயில்லை என்று விட்டுவைத்தது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் ஸ்கைப்பில் தன்னோடு பேசுகிறவரிடமிருந்து புதுச் சொல் கற்கின்றன, பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்பதில்லை என்று 2014-இல் ஓர் ஆய்வும் வந்தது. கேட்டால் பதில் வருகிறது, சிரித்தால் சிரிப்பு வருகிறது, வித்தியாசம் அதுதான்.

உன்னைப்போல் மதுரைத் தமிழ் பேச இங்கே ஆள் இல்லை. நான் பேசுவதே பாதி பாடப்புத்தகம் என்று ஹாஸ்டலில் நீதான் கிண்டல் செய்வாய். ஞாயிற்றுக்கிழமை இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடு, உனக்கு ஆறரை. பேரனிடம் பேசு, திட்டு, கதை சொல், பேத்தியையும் மடியில் வைத்துக்கொள். ஃபோனை நான் பிடித்துக்கொள்கிறேன். மாவடு ஊறுகாய் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு, போன தடவை வந்தது தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் மொரிசியஸ்காரி