செயலாளர் ஆண்டறிக்கை: வயலுக்குப் போகும் பன்றி எரு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடலாம். நிர்வாக விவரம் அவ்வளவுதான். மீதி நேரத்தை, இந்த ஆண்டு சங்கம் எடுத்துக்கொண்ட பன்றி எருவுக்கே ஒதுக்குகிறேன்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பன்றிகள் சுமார் 90.6 லட்சம்; 2012-ஐவிட 12 சதவீதம் குறைவு. ஆனால் தெருவில் மேய்ந்த பன்றியின் எரு எந்தக் காலத்திலும் வயலுக்கு வந்ததில்லை. கொட்டகையில் அடைத்து வளர்க்கும் வெண்பன்றியின் எருதான் டிப்பரில் வந்து இறங்குகிறது. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் மாட்டுச் சாணத்துக்குப் பதிலாக இதை வாங்குபவர்கள், தொழு உரம் போட்ட அதே பழக்கத்தில் லோடு கணக்கில் கொட்டுகிறார்கள். இதை நிறுத்த வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. காரணம் மணிச்சத்து (பாஸ்பரஸ்).

ஒரு டன் பச்சைப் பன்றி எருவில் தோராயமாக 6 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 5 கிலோ மணிச்சத்து, 4 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்) இருக்கும். தொழு உரத்தில் மணிச்சத்து 2 கிலோதான். பன்றிக்கு மாட்டைப்போல் அசைபோடும் வயிறு இல்லை. மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கில் பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்ட மணிச்சத்தைப் பெரிதும் செரிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடுகிறது. குறுகிய கால நெல்லுக்குப் பரிந்துரை ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் வரிசையில் 48:16:16 கிலோ என்று வைப்போம். தழைச்சத்தை மட்டும் பார்த்து 8 டன் எரு போட்டால் 48 கிலோ வந்துவிடும். கூடவே மணிச்சத்து 40 கிலோ வரும். தேவைக்கு மேல் 24 கிலோ. ஒரு மூட்டை டி.ஏ.பி. (டை-அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் இருக்கும் மணிச்சத்தே 23 கிலோதான். அதற்கு மேல் பழக்கதோஷத்தில் அடியுரமாக டி.ஏ.பி.யும் போடுபவர்கள் உண்டு.

ஆகவே மணிச்சத்தை வைத்தே அளக்க வேண்டும். 16 கிலோவுக்கு 3.2 டன் எரு போதும், டி.ஏ.பி. வேண்டாம். அந்த எருவில் 19 கிலோ தழைச்சத்து உண்டு, முதல் போகத்தில் பாதி கிடைக்கும் என்று கொண்டால் மீதி 38 கிலோவுக்கு யூரியா சுமார் 83 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவாக, பிரித்து மேலுரமாகப் போக வேண்டும். மண் பரிசோதனையில் மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் வந்தால் ‘அதிகம்’ என்று பொருள். அப்படிப்பட்ட வயலுக்கு அந்த ஆண்டு பன்றி எருவே வேண்டாம்.

இந்தப் பாடத்தை ஐரோப்பா நமக்கு முன்பே படித்திருக்கிறது. நெதர்லாந்தில் பண்ணைகள் பெருத்து, எரு போட நிலம் போதாமல், 1984-இல் பன்றி, கோழிப் பண்ணை விரிவாக்கத்துக்கே தடை வந்தது. 1991-இன் ஐரோப்பிய நைட்ரேட் உத்தரவு, பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் கால்நடை எருவழித் தழைச்சத்துக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ என்று வரம்பு கட்டியது. ஏக்கருக்கு 69 கிலோ. அதே ஆண்டு, பைட்டேட்டைப் பிரித்து மணிச்சத்தை விடுவிக்கும் பைட்டேஸ் நொதி தீவனத்தில் கலக்க விற்பனைக்கு வந்தது. பைட்டேஸ் சேர்த்து, தீவனத்தில் கனிமப் பாஸ்பேட்டையும் குறைத்தால்தான் எருவில் மணிச்சத்து இறங்கும். முன்னதை மட்டும் செய்து பின்னதை மறந்த பண்ணை எருவில் மாற்றம் தெரியாது.

அடுத்தது தாமிரமும் துத்தநாகமும். பன்றிக்குத் தேவையான தாமிரம் தீவனக் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குள்தான். வேகமாக வளர என்று 150 மில்லிகிராம் வரை சேர்ப்பதும் உண்டு. பெரும்பங்கு அப்படியே வெளியேறும். தீவனம் செரித்துக் குறைவதால் காய்ந்த எருவில் செறிவு நான்கைந்து மடங்காகும், மக்கும்போது இன்னும் ஏறும். உரக் கட்டுப்பாட்டு ஆணை மக்கிய உரத்துக்குத் தரும் வரம்பு தாமிரம் கிலோவுக்கு 300, துத்தநாகம் 1000 மில்லிகிராம். தாமிரம் மண்ணின் கரிமப்பொருளோடு ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கும். மழை கழுவாது, பயிரும் அதிகம் எடுக்காது. குட்டிகளின் கழிச்சலுக்குத் தீவனத்தில் கொட்டிய துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியதற்கு மண்ணில் சேரும் துத்தநாகமும் ஒரு காரணம். செம்மறி வைத்திருப்போர் கவனிக்க: ஆடுகளில் தாமிரத்தை மிகக் குறைவாகத் தாங்குவது செம்மறிதான். நம் மெட்ராஸ் ரெட் மந்தையை, புதிதாகப் பன்றி எரு தெளித்த புல்லில் மேய விடாதீர்கள்.

ஹோட்டல் மிச்சச் சாப்பாடு போட்டு வளர்க்கும் கொட்டகையின் எருவில் தொல்லை வேறு. தாமிரம் குறைவு, உப்பு கூடுதல். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டிய எரு நாற்றங்காலுக்கு ஆகாது. துத்தநாகமும் குறைவாகவே இருக்கும், அதனால் நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை விட்டுவிடக் கூடாது. லோடு வாங்கும்முன் “பன்றிக்கு என்ன தீவனம்?” என்று கேளுங்கள், விலை பேசுவது அப்புறம். மருந்து எதுவும் கொடுத்தார்களா என்பதையும் கேட்கலாம். கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்த 2019 ஜூலையிலேயே நாட்டில் தடை வந்துவிட்டது.

பச்சை எருவை நேரடியாகக் கீரைப் பாத்தியில் போடவே கூடாது. உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்; கொத்தமல்லியோ ஒன்றிரண்டு மாதத்தில் அறுவடையாகிவிடும். (நாடாப்புழு முட்டை பன்றிச் சாணத்தில் வருகிறது என்பது தவறான பயம். அது மனித மலத்தில்தான் வரும்.) மக்க வைக்க, ஒரு டன் பச்சை எருவுக்கு 300 கிலோ காய்ந்த வைக்கோல் கலந்தால் கரி–தழை விகிதம் (கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம்) 25-க்கும் ஈரம் 60 சதவீதத்துக்கும் வரும். தென்னை நார்க்கழிவு மட்டுமே போட்டால் மெதுவாகத்தான் மக்கும். அதில் உப்பும் உண்டு, பாதிக்கு மேல் வேண்டாம். குவியல் ஐந்தடி உயரம். உள்ளே 55 டிகிரி குறைந்தது 15 நாள் நிற்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்டினால் வெளிப்புறமும் சூட்டுக்குள் போகும். அம்மோனியா நெடி அடித்தால் வைக்கோல் போதவில்லை. சூடே ஏறாவிட்டால் காய்ந்துவிட்டது, அல்லது குவியல் சிறியது.

கழிவுக்குழம்பாக வாங்குவோர் கவனிக்க: அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் அம்மோனியமாக இருக்கும். மேலே தெளித்து விட்டுவிட்டால் ஒரே நாளில் அதில் கணிசமான பகுதி காற்றோடு போகும். மாலையில் ஊற்றி உடனே உழுதுவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகளின் நீர்ப்பிடிப்பில் கொட்டிய மணிச்சத்து முதல் கனமழையிலேயே ஏரிக்குப் போய்ப் பாசியையும் ஆகாயத்தாமரையையும் வளர்க்கும். அது ஊர் குடிக்கும் தண்ணீர்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம்: பன்றி எரு போடும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், அறுவடைக்குப் பின், எரு போடுவதற்கு முன், மண் மாதிரி தர வேண்டும். ஏக்கருக்கு 10 முதல் 15 இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை ஓரம் சீவி, கலந்து, கால்பங்கு முறையில் (நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்கை ஒதுக்கி) குறைத்து அரைக் கிலோ. பிளாஸ்டிக் வாளியும் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியும் மட்டுமே. துத்தநாகப் பூச்சு வாளியில் எடுத்தால் துத்தநாகக் கணக்கு பொய்யாகும். மணிச்சத்து, துத்தநாகம், தாமிரம், மின்கடத்துத்திறன் நான்கையும் கேட்டு வாங்கவும். பரிசோதனைச் செலவில் பாதியைச் சங்க நிதியிலிருந்து தரலாமா என்பதைப் பொதுக்குழு இன்றே முடிவு செய்ய வேண்டுகிறேன்.

செயலாளர்,
சென்னை