முட்டை அட்டை தறிச் சத்தத்தைத் தடுக்காது

ஆசிரியருக்கு,

நம் பக்கத்து இளைஞர்கள் சொந்தச் செலவில் போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கைத் தொடர்ந்து 1970-களின் கடைசியில் வந்த இசை வகை) ஆல்பம் போடுவது பற்றி ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. அந்த இசை செழித்த ஊர்களில் ஒன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர், கோவையோ தென்னிந்திய மான்செஸ்டர், ஆகவே இந்த இசை இங்கே வந்தே தீரும் என்ற வாதம் கிடக்கட்டும். ஆனால் 'சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் வீட்டு அறையே ஸ்டுடியோ' என்பதை நம்பி யாரும் நாமக்கல்லில் இருந்து கட்டுக்கட்டாக அட்டை இறக்கிவிடக் கூடாது.

முட்டை அட்டை வெறும் காகிதக் கூழ். கனமில்லாத பொருள் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் சிம்பலின் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை அது ஒன்றும் செய்யாது. இந்த இசையிலோ பல பாட்டுகளில் மெட்டையே பேஸ் கிட்டார்தான் சொல்கிறது. கிட்டார் மெலிசாகக் கீறிக்கொண்டு மேலே போகும்.

10-க்கு 12 அடி அறை என்று வையுங்கள். பேஸின் ஏ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 55 அதிர்வு. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே தங்கி அதிர்வது சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த ஒரு சுரம் மட்டும் 'கும்' என்று வீங்கும். டி.ஐ. பாக்ஸ் (மைக் இல்லாமல் கிட்டாரை நேரே பதிவுக் கருவியோடு இணைக்கும் பெட்டி) வழியாக எடுத்தால் பதிவில் இது வராது. ஆனால் அதே அறையில் ஸ்பீக்கர் வைத்து மிக்ஸிங் (பதிந்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்ப்பது) செய்தால் காது ஏமாந்து பேஸைக் குறைத்துவிடும். வேறு இடத்தில் போட்டுக் கேட்டால் பாட்டு சோகை பிடித்ததுபோல் இருக்கும்.

இதற்கு மருந்து திருப்பூரிலேயே கிலோக் கணக்கில் கிடைக்கிறது: பனியன் கட்டிங் வேஸ்ட். துணிப்பையில் தளர்வாக அடைத்து, நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை ஒரு அடிக்குக் குறையாத கனத்தில் அடுக்க வேண்டும். பேல் மாதிரி இறுக்கி அழுத்தினால் சத்தம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். பஞ்சுத்துணி சட்டென்று பற்றும், பிளக் போர்டு பக்கத்தில் வேண்டாம். சுவருக்குப் பவானி ஜமக்காளம் போதும். சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள்.

மான்செஸ்டர் பகுதி போஸ்ட்-பங்க் குழுவான ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் 1979-இல், பக்கத்து ஊரான ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் பதிவானது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து எடுக்க மெனக்கெட்டார். ஒரு மைக்கில் இன்னொன்றின் சத்தம் கசியாமல் இருந்தால்தான் டிரம்ஸில் ஒன்றான ஸ்நேருக்கு மட்டும் தனியாக எதிரொலி சேர்க்க முடியும். வீட்டில் அந்த அளவுக்குப் போக வேண்டாம். சிம்பலில் துண்டைச் சுற்றிவிட்டு வழக்கம்போல் முழுப் பாட்டையும் அடித்துப் பதிந்துகொண்டு, சிம்பலை மட்டும் பிறகு தனியாக எடுக்கலாம். கை வழக்கம் மாறாததால் தாளம் தடுமாறாது.

அடுத்த தொல்லை 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். எர்த் சரியில்லாத போர்டிலும், லேப்டாப்பும் ஆம்பும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிபயர்) வெவ்வேறு பிளக்கில் இருந்தாலும் வரலாம். எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே மூன்று பின் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். மிக்ஸிங்கில் 50-ஐ வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், 49-இல் இருக்கும் பேஸின் ஜி சுரமும் கூடவே போய்விடும்.

தறிச் சத்தத்துக்குத்தான் வழியே இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் அது காற்றில் மட்டுமல்ல, தரை வழியாகவும் மைக் ஸ்டாண்டில் ஏறுகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் அக்கம்பக்கத் தறிகள் ஓயும், கரண்ட் இரைச்சலும் இருக்காது. யு.எஸ்.பி.யிலேயே ஓடும் ஆடியோ இன்டர்பேஸ் (மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்கும் கருவி), முழுச் சார்ஜில் லேப்டாப், இவை இருந்தால் பாடுவதையெல்லாம் அன்றைக்கே முடித்துவிடலாம். கிட்டாரையும் டி.ஐ. வழியாக எடுத்துவைத்து, கரண்ட் வந்தபின் ஆம்பில் ஓட்டிக்கொள்ளலாம். இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள், பலவற்றில் அதுவே இரையும்.

அந்தத் தேதியை உங்கள் நாளிதழின் 'நாளைய மின்தடை' பகுதியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. துணை மின்நிலையத்தின் பெயரோடு நிறுத்தாமல் ஊர்ப் பெயர்களையும் முழுதாகப் போட்டால் உதவியாக இருக்கும்.

ஒலிப்பதிவாளர்கள் இருவர்,
திருப்பூர்.