அரிவாள் அணு நோயாளியின் வலியும் அவசரப் பிரிவின் முதல் ஒரு மணி நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தங்கை மகனுக்கு 19 வயது. அரிவாள் அணு இரத்தசோகை, அதாவது சிக்கிள் செல் நோய், அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு இடுப்பிலும் தொடையிலும் எடுத்த வலி வீட்டிலிருந்த மாத்திரைகளுக்கு அடங்காமல் போகவே, வெளியூர் மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அவனைக் காரில் கொண்டு சென்றோம். அவசரம் குறைந்தவர்களுக்கான பச்சை மண்டலத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அவன் அழவில்லை, துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தான். அங்கிருந்த ஊழியர் ஒருவர், வலி ஊசிக்கு அடிமையாகிவிட்டாயா என்ற பொருளில், அந்த ஊசிக்குப் பழகிவிட்டாயா என்று அவனிடம் கேட்டார். என் தங்கை அதை இன்னும் மறக்கவில்லை.

என் தந்தை செம்பனைக் குலை அறுத்தவர். நீண்ட கம்பின் நுனியில் அவர் பொருத்தியிருந்த அரிவாளின் வளைவைப் போலவே இந்நோயில் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. பிராணவாயு கிடைக்காத எலும்பு வலிக்கிறது. அந்த வலியை அளந்து காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சீராக இருக்கும்போதே வலி உச்சத்தில் இருக்கலாம். குழந்தைப் பருவம் முதல் இதோடு வாழ்பவர்கள் பலர் கத்துவதை விட்டுவிடுகிறார்கள். ஆகவே, நோயாளியின் வாய்ச்சொல்லை நம்புவதைத் தவிர மருத்துவருக்கு வேறு அளவுகோல் இல்லை.

இதற்கான நெறிமுறைகள் எழுதப்பட்டே இருக்கின்றன. பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, நோயாளி வந்து சேர்ந்த 30 நிமிடங்களுக்குள் வலி நிவாரணி தரவேண்டும் என்றும், வலி தணியும்வரை ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஒருமுறை அவரைப் பார்க்கவேண்டும் என்றும், பெத்திடின் என்னும் வலி மருந்தைக் கொடுக்கக்கூடாது என்றும் கூறுகிறது. அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2020இல் ஒரு மணி நேரத்தை எல்லையாக வைத்தது. நமது மலேசிய சுகாதார அமைச்சும் 2008ஆம் ஆண்டிலேயே வலியை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றோடு தவறாமல் பார்க்கவேண்டிய ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றுக்கொண்டுள்ளது.

தலசீமியா என்னும் மற்றொரு பரம்பரை இரத்த நோயை அறிந்த அளவுக்கு நம் நாட்டில் இந்நோயை அறிந்தவர்கள் குறைவு என்பதும், இரவுப் பணியில் உள்ள தாதியர் தலைக்குமேல் வேலையோடு நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இது நம் மண்ணுக்குப் புதிய நோயன்று. ஒடிசா வழிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் இந்நோய் இருப்பதை 1980களிலேயே இங்குள்ள ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். வலியோடு வந்தவருக்கு அடுத்த சில நாட்களில் நெஞ்சுப் பகுதி பாதிக்கப்பட்டு, மூச்சுத் திணறி, உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதால், காய்ச்சலோ நெஞ்சு வலியோ சேர்ந்திருந்தால் பச்சை மண்டலத்து நாற்காலி அவருக்குரிய இடமே அல்ல.

வேறொரு இரவு, அதே மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், எங்கள் இரத்தவியல் நிபுணர் தந்திருந்த கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டு, அதில் குறித்திருந்த அளவில் 20 நிமிடங்களுக்குள் மார்பின் என்னும் வலுவான வலி மருந்தைக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அரை மணி கழித்து மறுபடியும் வந்து பார்த்தார். விடியும்போது பையன் மைலோ கேட்டான். ஒரே மருத்துவமனை, ஒரே நோய்; அன்று கடிதத்தைப் படிக்க ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தக் கடிதம் இப்போது மடிப்புகளில் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. அதில் உள்ள மருந்தின் பெயரும் அளவும், பதிவு முகப்பில் அடையாள அட்டையைக் கொடுத்த உடனேயே கணினித் திரையில் தெரியும்படி செய்யுமாறு சுகாதார அமைச்சைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
பீடோர், பேராக்