ஆணும் பெண்ணும்: ஒரு சிறிய 'உம்'

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவத்தில் ஆண், பெண் வேறுபாடு பற்றி வாதிடும் இரு தரப்பினருமே பைபிளில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் (கடிதத்தின்) 3:28-ஐ அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். தமிழில் 'ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்று வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. யூதன் கிரேக்கன், அடிமை சுயாதீனன் ஆகிய ஜோடிகளை 'இதுவுமில்லை, அதுவுமில்லை' என்று எழுதும் பவுல், மூன்றாவதில் மட்டும் 'ஆணும் பெண்ணும் என்பதில்லை' என நடையை மாற்றுகிறார். மனிதப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமம் 1:27-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் அதே சொற்கள்! படைப்பை நினைத்தே எழுதியிருக்கிறார் என்பது என் கணிப்பு. வேறுபாட்டை அவர் அழிக்கவில்லை. அதை வைத்து மேல், கீழ் பிரிப்பதைத்தான் மறுக்கிறார்.

'சபையில் பெண்கள் பேசாமலிருக்கட்டும்' என்று 1 கொரிந்தியர் 14-ஐத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், அதே நிருபத்தின் 11:5-இல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாகக் குறிப்பிடுவதை ஏனோ வாசிப்பதில்லை. ரோமர் 16-இல் பெபேயாள் என்ற பெண்ணுக்கு அவர் வழங்கும் 'தியாகோனோஸ்' (ஊழியர்) என்ற சொல், வேறு நிருபங்களில் தமக்கே அவர் வைத்துக்கொள்வது. அந்த அதிகாரத்திலேயே பவுல் வாழ்த்துச் சொல்லும் யூனியா என்பவரின் கதி இன்னும் வேடிக்கை. 4-ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தம் பெண் என்றே புகழ்ந்தவரை, பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் சில 'யூனியாஸ்' என்று ஆணாக்கிவிட்டன.

– ஒரு வாசகர்