முதலிடத்துக்கு உத்தரவாதமா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் விரும்பிய பாடத்திலேயே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது துணையில்லாமல் மாடிப்படி ஏறுகிறார்.

உன் புத்தக பைண்டிங் கடையின் இணையதளத்துக்குக் கூகுள் தேடலில் முதலிடம் பிடித்துத் தருவதாக உத்தரவாதம் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே. அப்படி ஓர் உத்தரவாதத்தை எவராலும் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டினால் விளம்பரம் என்ற குறிப்போடு மேலே வரலாம். மற்ற முடிவுகளில் இடம் விற்பனைக்கு இல்லை.

இப்படிப்பட்டவர்களில் பலர் செய்வது, யாரும் படிக்காத தளங்களிலிருந்து உன் தளத்துக்கு இணைப்புகளை விலைக்கு வாங்குவது. இணைப்புக்கு மதிப்பு இருப்பது உண்மைதான். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தை எப்படிப்பட்ட பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து அதன் மதிப்பைக் கணக்கிடும் முறையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். உடனே போலி இணைப்புகளும் பெருகின. அவற்றை ஒடுக்கவே 2012இல் கூகுளின் தரவரிசை முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. விலைக்கு வாங்கிய இணைப்பு இன்று பெரும்பாலும் பலனின்றிப் போகும். சில வேளை தளமே தண்டிக்கப்படும். உழைத்துச் சேர்த்த பணம் அதற்குப் போகக் கூடாது.

உன் தளத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். பைண்டிங் வகைகள் முழுவதையும் ஒரே படமாக முகப்பில் வைத்திருக்கிறாய். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தின் தலைப்பு வெறும் 'முகப்பு' என்றிருக்கிறது. தேடல் முடிவில் மக்கள் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். நிரலுக்குள் மறைவாக நிரப்பியிருக்கும் குறிச்சொற்களை விட்டுவிடு. தரவரிசைக்கு அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

இனி முக்கியமான விஷயம். உன் கடைக்கு வருபவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார். தாத்தாவின் புத்தகம் தாள் தாளாக உதிர்கிறது, மறுபடி தைக்க முடியுமா? ஆய்வேட்டுக்கு எந்த அட்டை நல்லது? பசை பைண்டிங்குக்கும் தையல் பைண்டிங்குக்கும் என்ன வேறுபாடு? இதே கேள்விகளைத்தான் கூகுளிலும் தட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பக்கம் எழுது. தைத்த புத்தகம் ஏன் நன்றாக விரிந்து படுக்கிறது, பசை போட்டது ஏன் முதுகில் விரிசல் விடுகிறது என்றெல்லாம் நீ வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையே எழுது. நீ பிரித்துத் தைத்த புத்தகத்தின் படத்தையும், செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்து, அது என்ன என்று விவரிக்கும் ஒரு வரியோடு சேர். கைத்தொழில் தெரிந்தவன் எழுதியது படிக்கும்போதே தெரிந்துவிடும். அந்த அறிவை எந்த முகவரும் உனக்காக எழுதித் தர முடியாது.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் தையல் இயந்திரப் பழுதுத் தொழிலின் தளத்தில், நூல் ஏன் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஊசி திரும்பியிருப்பது, இழுவிசை கூடியிருப்பது எல்லாவற்றையும் விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். முகப்பைவிட அதற்குத்தான் ஆட்கள் அதிகம் வருகிறார்கள். படித்துச் சரிசெய்துகொண்டு போகிறவர்கள் போக, முடியாதவர்கள் என்னை அழைக்கிறார்கள்.

இது எனக்குத் தெரிந்தது கூகுளின் சர்ச் கன்சோல் மூலம். இலவசம்தான், இன்றே பதிவு செய். மக்கள் எந்தச் சொற்களைத் தேடி உன் தளத்தைக் கண்டார்கள் என்று அது காட்டும். ஒரு பக்கம் கூகுளின் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பதையும் அதில் சோதிக்கலாம். தளத்தைக் கட்டும்போது, தேடுபொறி பார்க்க வேண்டாம் என்று போட்ட தடையைச் சிலர் எடுக்காமலேயே விட்டுவிடுவார்கள். அது இருந்தால் நீ எவ்வளவு எழுதினாலும் எடுபடாது. ஆகவே முதலில் அதைப் பார்.

தளம் திறக்கும் வேகத்துக்கு அதிகம் அலட்டிக்கொள்ளாதே. கேமராவிலிருந்து வந்த பெரிய படங்களைச் சுருக்கிப் போடு. திரையில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் வந்துவிட்டால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். தளத்தைக் கைபேசியில் திறந்து பார். கூகுள் மதிப்பிடுவது கைபேசி வடிவத்தைத்தான். கூகுள் வரைபடத்தில் உன் கடையைப் பதிந்து, நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் சரியாக வை. வேலை பிடித்துப்போன வாடிக்கையாளர்களிடம் கருத்து எழுதச் சொல்லிக் கேள். அதற்குக் காசோ தள்ளுபடியோ கொடுக்காதே.

பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும் என்கிறது கூகுள். அதனால் ஆய்வேட்டுப் பக்கத்தை முதலில் எழுது. மாணவர்கள் சமர்ப்பிக்கும் காலம் வருவதற்குள் அது பட்டியலில் ஏறி நிற்க வேண்டும். எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துவிட்டு எங்கே புரியவில்லை என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன் கதிரேசன்